மூணாறு தலைப்பு

பயிற்சியின் இரண்டாம் நாள்
ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள்.
"உங்கள் போனில் 'வணக்கம்' என்று தட்டுகிறீர்கள்.
மன்னார்குடித் தோழிக்கு அது எப்படிப் போகிறது?
வரையுங்கள். பதினைந்து நிமிடம்."

நாங்கள் பத்தொன்பது பேர்.
பணி ஆணை கைக்கு வந்து
நாற்பது நாள்கூட ஆகாத கணினி ஆசிரியர்கள்.
ஏழு அடுக்குகளின் பெயரையும்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம்.
அன்றைக்குப் பேனா ஓடவில்லை.

பதினோரு பேர் மேகம் வரைந்தோம்.
என் மேகம் அழகாகவே இருந்தது,
உள்ளே லேசாக நிழல்கூடத் தீட்டியிருந்தேன்.
ஐந்து பேர் செயற்கைக்கோள்.
திருத்துறைப்பூண்டி ஷமீமா
டவர் ஒன்று போட்டு, உச்சியில் மின்னல் வைத்தாள்.
கொரடாச்சேரி அந்தோணிராஜ்
வைஃபை குறியைப் பெரிதாக வரைந்து
கீழே 'இணையம்' என்றெழுதி
இரண்டு கோடு இழுத்தார்.
ஒருவர் மட்டும் தாளை வெறுமையாய்க் கொடுத்தார்.
அவருக்குத்தான் ஏதோ தெரிந்திருக்கிறது
என்று இப்போது படுகிறது.

வாங்கிப் போனவர்கள் விடை சொல்லவில்லை.
தயிர்சாதம் தந்தார்கள்.
மாலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை, பதினோராம் வகுப்பு.
பாடத்தில் ரவுட்டர்.
முந்தின ராத்திரி கிடைத்த உவமையை
மடியில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அவிழ்த்தேன்.
"நம்ம நீடாமங்கலம் மூணாறு தலைப்பு இருக்கே,
வெண்ணாறு அங்கே வந்து
பாமணியாறு, கோரையாறுன்னு பிரியுதே,
ரவுட்டர்னா அதுதான்."
மடை திறந்த மாதிரி பேசினேன்.
வகுப்பு தலையாட்டியது.

கனிஷ்கா ஆட்டவில்லை.
அவள் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர்,
ஷட்டர் ஏற்றி இறக்குகிறவர்.

"இல்ல மிஸ். தண்ணிமேல விலாசம் இருக்காது.
எங்கப்பா எந்தக் கண்ணைத் தூக்குறாரோ அதுல போகும்.
அவரா முடிவு பண்ண மாட்டாரு.
மேலேர்ந்து போன் வரும்,
இன்னைக்கு இத்தனை கன அடின்னு.
இதுல யாரு மிஸ் போன் பண்றது?"

மின்விசிறி டக் டக் என்றது.

"அப்புறம், போன தண்ணி
சேர்ந்துட்டேன்னு திரும்பி வந்து சொல்லாதுல்ல?
பாதி வழியில காணாமப் போனா
இன்னொரு தடவை அனுப்புன்னு கேக்கவும் முடியாதே."

"வருஷா வருஷம் கேக்குறோமே, வருதா?"
கடைசி பெஞ்சு.
வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்,
யோசிக்க அவகாசம் கிடைத்தது என்பதால்.

அடுத்த பாடம் ஒப்புகை.
புத்தகத்தைத் திறக்காமலே
பாதியை அவள் நடத்திவிட்டாள்.
மீதிப் பாதி எனக்கும் தெரியாது.
யார் போன் செய்கிறார்கள்?
எந்த வழி சும்மா இருக்கிறது என்று
ஒரு ரவுட்டருக்கு இன்னொன்று எப்படிச் சொல்கிறது?
"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.
என் வாத்தியார்கள் எனக்குச் சொன்ன
நாளைகளில் பல இன்னும் வந்து சேரவில்லை.

சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸை விட்டுவிட்டு
ஆற்றுப்பாலம் வரை நடந்தேன்.
கரையில் முழங்கால் உயரக் கல்.
'கீழே ஃபைபர் கேபிள். தோண்டாதீர்.'
அதில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.
கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து
என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு குழாய் ஏறி,
கைப்பிடிச் சுவரோடு ஒட்டி
அக்கரைக்குப் போகிறது.
கிளிப்புகளில் ஒன்று கழன்று ஆடுகிறது.
நாற்பது நாளாய் இதன்மேல்தான்
காலையும் மாலையும் பஸ்ஸில் போயிருக்கிறேன்,
மடியில் போனை வைத்துக்கொண்டு,
சிக்னல் வரவில்லை என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டு.

ஷமீமாவுக்கு 'வணக்கம்' அனுப்பினேன்.
ஒரு டிக். பிறகு இரண்டு.
இரண்டுக்கும் நடுவே நடந்தது என்ன
என்று கேட்டால் இப்போதும் எனக்கு வேர்க்கும்.

வருகைத்தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன்.
கல். ஆடு வேண்டாம் என்று நினைத்து, பிறகு ஆடும்.
குழாய். பாலம். அக்கரை.
அங்கே அது புளியமரத்தடியில்
மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது.
அதற்கு மேல் கை போகவில்லை.
மேகம் வரையக் கை துறுதுறுத்தது, வரையவில்லை.

காலையில் கனிஷ்காவிடம்
அப்பா நம்பர் வாங்க வேண்டும்.
குழாய் மறுபடி எங்கே தலைநீட்டுகிறது என்று
அவருக்குத் தெரிந்திருக்கலாம்.